ரைன் நதியில் ஒரு பிரதோஷம்

ஜெர்மனிக்கு வந்து அது இரண்டாம் நாள். முதல் நாள் மாலை ஆறு மணிக்கே அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டதால் இந்த ஊர்ப் பொழுது எப்போது சாயும் என்று எங்களுக்குத் தெரியாது. ஆஹென் நகரில் படிக்கும் மகள், சாப்பாட்டோடு படகுச் சவாரிக்கு எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்துத் தந்திருந்தாள்.

கொலோன் நகரில் மாலை ஏழு மணிக்குப் படகு கிளம்பியது. உட்கார்ந்ததும் மனைவியிடம் சர்க்கரை மாத்திரையை நீட்டினேன். இருபது வருஷமாக அது என் வேலை. மறுபேச்சில்லாமல் விழுங்கினாள்.

சாப்பாடு வந்தது. தொடவில்லை.

"அப்புறம் சாப்பிடறேங்க."

எட்டு மணிக்கும் அதே பதில். மத்தியானமும் வயிறு சரியில்லை என்று சொல்லிச் சாப்பிடாதவள். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

"மாத்திரையைப் போட்டுக்கிட்டு சாப்பிடாம இருந்தா என்ன ஆகும்னு தெரியாதா உனக்கு? சின்னக் குழந்தையா நீ?"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் முத்து முத்தாய் வியர்வை. தண்ணீர் டம்ளரை எடுத்தவளின் கை நடுங்கி, பாதித் தண்ணீர் மேசையில் சிந்தியது.

"இன்னிக்குப் பிரதோஷம்" என்றாள், நாக்குக் குழற. "சூரியன் மறையட்டும்."

சூரியனோ நகர்வதாகவே இல்லை. அவள் வாயருகே ரொட்டியைக் கொண்டுபோனேன். உதட்டை இறுக மூடிக்கொண்டாள். கரைக்குத் திரும்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பாழாய்ப்போன மாத்திரையைக் கொடுத்தது நான்தானே.

எங்கள் மேசைக்குப் பரிமாறியவர் அப்போது ஆரஞ்சுச் சாறோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். அதுவரை ஜெர்மனில் மட்டுமே பேசியவர், குனிந்து தமிழில் பேசினார். யாழ்ப்பாணத் தமிழ்.

"அக்கா, இஞ்ச பத்து மணி வரைக்கும் வெளிச்சம் நிக்கும். அது வரைக்கும் உங்களால இருக்க ஏலாது. உங்கட ஊரில எப்பவோ இருட்டிப் போச்சு. கோயில் பூசையும் முடிஞ்சிருக்கும். குடியுங்கோ."

அவள் கண் என் கைக்கடிகாரத்துக்குப் போனது. அதை நான் இன்னும் இந்திய நேரத்திலிருந்து மாற்றவில்லை. இரவு பன்னிரண்டு தாண்டியிருந்தது. கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மடக் மடக்கென்று குடித்தாள்.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, இன்னொண்டு கொண்டு வாறன்" என்று அவர் உள்ளே போனார்.

கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. ரொட்டியைப் பிய்த்து மெல்ல ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"விரதம்னு காலையிலேயே சொல்லித் தொலைச்சிருந்தா மாத்திரையைக் கொடுத்திருப்பேனா?"

"சொன்னா கத்துவீங்க. அதான் சொல்லல."

"கத்துவேனா? நான் எப்பக் கத்தினேன்?" என்றேன்.

பக்கத்து மேசைக்காரர்கள் மறுபடியும் திரும்பிப் பார்த்தார்கள்.