மீட்டரக்காவும் குரைக்காத நாயும்

மின்சார மீட்டர் பார்க்கப் போகிறவர்களிடம் இரண்டு நோட்டுகள் இருக்கும். ஒன்று அலுவலகம் கொடுப்பது, அதில் எண்கள். இன்னொன்று அவர்களாகவே வைத்துக்கொள்வது, அதில் நாய்கள். மீட்டரக்காவின் நாய் நோட்டு இப்படிப் போகும்: ‘நீலக் கேட். கறுப்பு நாய். சங்கிலி நீளம். சுவரோரமாகப் போகவும்.’ ‘மாடி வீடு. குட்டை நாய். சத்தம் மட்டும்தான்.’ ‘முட்டுச்சந்துக் கடைசி வீடு. கட்டிப் போட்டுட்டேன் என்பார் வீட்டம்மா. நம்பக் கூடாது.’

அந்தக் கடைசி வரியை அவர் சும்மா எழுதவில்லை. ஏழு வருடத்துக்கு முன்னால், இந்தத் தெருக்களுக்கு மாற்றலாகி வந்த முதல் வாரத்திலேயே, முட்டுச்சந்து நாய் அவருடைய கெண்டைக்காலைப் பதம் பார்த்துவிட்டது. குரைக்கிற நாய் கடிக்காது என்று சொல்லி வைத்தவர் ஒருநாளும் மீட்டர் பார்க்கப் போயிருக்கமாட்டார் என்பது அக்காவின் முடிவான கருத்து. அன்றிலிருந்து எந்த வீட்டு வாசலிலும் ஒரே பழக்கம்தான். கேட்டுக்கு வெளியே ஐந்தடி தள்ளி நின்று “மீட்டர்!” என்று ஒரு குரல் கொடுப்பார். உள்ளே குரைப்புச் சத்தம் எழுந்தால் அது அடங்கும்வரை ஓரடி எடுத்து வைக்கமாட்டார்.

நாய் என்றால் குலைநடுக்கம். ஆனால் அடுத்த வீட்டுச் சங்கதி என்றால் அக்காவுக்குத் தூக்கம் வராது. யூனிட் கூடினால் ஏன் கூடியது, குறைந்தால் யார் ஊருக்குப் போனது என்று மனசுக்குள் துருவிக்கொண்டே அடுத்த கேட்டுக்கு நடப்பார். பாதிக்கு மேல் சரியாகவும் இருக்கும். ரொட்டிக் கடையில் மாவு பிசைகிற அவருடைய கணவர் ராத்திரிச் சாப்பாட்டின்போது இதையெல்லாம் கேட்டுவிட்டு, “உன் மூக்கு ஒருநாள் எவன் கதவுலயாவது மாட்டிக்கப் போகுது” என்பார். ஆனாலும் மறுநாள், அந்த மாடி வீட்டில் என்னதான் ஆச்சு என்று முதலில் கேட்பவரும் அவரேதான்.

இந்த நிலையில்தான் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊரின் தாழ்வான பக்கத்துக்குள் புகுந்தது. அக்காவின் எட்டுத் தெருக்களும் ஆளுயரத்துக்கு முழுகின. ஜனங்கள் தப்பியது பெரும்பாடு. படகில் இடமில்லை என்று நாயையும் பூனையையும் விட்டுவிட்டுத்தான் பலரும் ஏறினார்கள். மூன்றாம் நாள் தொண்டர்கள் மறுபடி படகெடுத்துப் போய், கூரையிலும் தண்ணீர்த் தொட்டி மேலும் ஒண்டிக் கிடந்தவற்றை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மேட்டுப் பகுதியில் ஒரு தரைவிரிப்புக் கடைக்காரர் தன் கிடங்கைக் காலி செய்து கொடுத்தார். அவற்றுக்கு அதுதான் முகாம் ஆயிற்று.

மீட்டரெல்லாம் சேற்றில் கிடக்க, அக்காவுக்கு வேலை இல்லை. அலுவலகத்தில் எல்லோருமாகச் சேர்ந்து நாலு மூட்டை நாய்த்தீனி வாங்கினார்கள். யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது அக்கா அங்கே இல்லை. மேலதிகாரி அறையில் புதிதாக வந்திருந்த பெட்டியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் அவர் பெயரை முடிவு செய்துவிட்டார்கள்.

கிடங்கு வாசலில் மூட்டைகளை இறக்கிவிட்டு அப்படியே நழுவிவிடுவதாகத்தான் திட்டம். ஆனால் உள்ளே குவிந்திருந்ததைப் பார்த்ததும் கால் நகரவில்லை. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் அனுப்பியிருந்தார்கள். கழுத்துப் பட்டைகள், பழைய போர்வைகள், மூட்டை மூட்டையாகத் தீனி. யாரோ ஒரு புண்ணியவதி பூனைகளுக்கென்று கம்பளியில் பின்னிய சட்டைகள் பதினெட்டு அனுப்பியிருந்தார். அவற்றைப் போட்டுக்கொள்ள எந்தப் பூனையும் சம்மதிக்கவில்லை. இதெல்லாம் யார் அனுப்பினது, எந்த ஊர், எதுக்கு இத்தனை என்று அக்கா கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போனார். முகாமை நடத்திய கால்நடை மருத்துவர், நடுத்தர வயதுப் பெண்மணி, மூன்று நாளாகத் தூங்காத கண்ணோடு பொறுமையாகப் பதில் சொன்னார். தீனி வேண்டிய அளவுக்கு வந்துவிட்டது, இல்லாதது விலாசம்தான் என்றார். எது யார் வீட்டுப் பிராணி என்றே தெரியவில்லை. கிளி ஒன்று மட்டும் முதல் நாளே வீட்டுக்காரர் பெயரைத் தானே சொல்லி வீடு போய்ச் சேர்ந்தது. மற்றவற்றின் வீட்டுக்காரர்கள் எந்தெந்த ஊரில் எந்தச் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார்களோ. சனிக்கிழமை நாலு மணிக்கு லாரி வரும். அதுவரை யாரும் தேடி வராதவை வெளியூர்க் காப்பகத்துக்குப் போய், அங்கிருந்து வேறு வேறு வீடுகளுக்குப் பிரிந்து போய்விடும். அப்புறம் கண்டுபிடிப்பது குதிரைக் கொம்புதான்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரைப்பு கேட்டது. கட்டைக் குரலில் இரண்டு, நடுவே ஒரு இழுப்பு, மறுபடி ஒன்று.

“அது நீலக் கேட் வீட்டு நாய்” என்றார் அக்கா. சொன்ன பிறகுதான் தான் சொன்னதே அவருக்கு உறைத்தது.

மருத்துவர் அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூப்பிட்டார். அக்காவோ வாசலைத் தாண்டமாட்டேன் என்றார். நாய்களை முகம் பார்த்துத் தெரியாது, ஒன்றையும் நேரில் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை, கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்ட சத்தம்தான் தெரியும் என்று உண்மையைச் சொன்னார். ஜனங்கள் இவற்றை வாயில்லா ஜீவன் என்பார்கள். அக்காவுக்கு அவற்றிடம் தெரிந்ததே வாய் மட்டும்தான்.

சரி, அதையே செய்து பார்க்கலாம் என்றார் மருத்துவர். கூண்டு வரிசைக்கு முன்னால் ஒரு விரிப்பைத் திரையாகக் கட்டினார்கள். அக்கா காக்கிச் சட்டை போட்டு, தோளில் பையை மாட்டி, திரைக்கு இந்தப் பக்கம் ஐந்தடி தள்ளி நின்று, “மீட்டர்!” என்று குரல் கொடுத்தார்.

கிடங்கே இடிந்து விழுகிற மாதிரி ஒரு குரைப்பு. வெள்ளத்தில் எல்லாம் போனாலும் இந்தப் பகை மட்டும் போகவில்லை. பிறகு ஒவ்வொரு கூண்டாகத் தனியே கொண்டுவந்து வைத்துக் குரல் கொடுக்க, அக்கா நாய் நோட்டைப் புரட்டிப் புரட்டி வீட்டைச் சொன்னார். அலுவலகத்தில் அந்த வீட்டுக்காரரின் போன் நம்பர் இருக்கும், சக ஊழியர் எடுத்துக் கொடுப்பார், மருத்துவர் கூப்பிடுவார். இரண்டு நாளில் பதினான்கு நாய்கள் வீட்டுக்காரரிடம் போய்விட்டன. முட்டுச்சந்து வீட்டம்மா ஓடி வந்து தன் நாயைக் கட்டிக்கொண்டு அழுதபோது அக்காவுக்கும் கண் கலங்கியது. ஆனாலும் திரைக்கு அந்தப் பக்கம் போகவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மிச்சம் இருந்தது மூன்று. அதில் இரண்டு, அக்கா எந்தக் காலத்திலும் கேட்டறியாத குரல். அவர் தெருக்களைச் சேர்ந்தவை இல்லை. மூன்றாவது குரைக்கவே இல்லை. அதன் அட்டையில் ‘காது கேட்காது’ என்று எழுதி வைத்திருந்தார்கள்.

“காது கேக்காதுன்னு எனக்கு நம்பிக்கை இல்லக்கா” என்றார் மருத்துவர். “நீங்க மீட்டர்னு கூப்பிடுறப்பல்லாம் எந்திரிச்சு, கூண்டோட பின்பக்கம் போய், சுவத்தைப் பாத்து உக்காந்துக்குது.”

அக்காவின் மூக்கு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. மருத்துவரை “மீட்டர்” என்று கூப்பிடச் சொன்னார். நாய் தலையைத் தூக்கிப் பார்த்ததோடு சரி. பிறகு தானே கூப்பிட்டுவிட்டு, திரையில் இருந்த ஓட்டை வழியாக முதல் தடவையாகப் பார்த்தார். பழுப்பு நிறம், வயசாகி முகவாய் வெளுத்திருந்தது, ஒரு காது மடிந்திருந்தது. அவசரம் எதுவும் இல்லாமல் எழுந்து, பின்னால் போய், மூக்கைச் சுவரோடு ஒட்டி வைத்து உட்கார்ந்தது. பயந்த நாய் மாதிரி தெரியவில்லை. வழக்கமான வேலையைச் செய்கிற மாதிரி இருந்தது.

இதற்கு என் குரல் தெரிந்திருக்கிறது. அப்படியானால் இது என் தெருதான் என்று அக்கா யோசித்தார். ஆனால் நோட்டில் இருந்த நாய் வீடுகள் அத்தனையும் தீர்ந்துவிட்டன. மணி ஒன்றரை. அக்கா கவிழ்த்து வைத்த வாளி மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, முதல் தெருவிலிருந்து வீடு வீடாக மனசாலேயே நடந்தார். கேட், குரல், யார் வருவார்கள், மீட்டர் எங்கே.

ஐந்தாம் தெருவில் நின்றார். ரிட்டயரான பஸ் கண்டக்டர் வீடு. ஒண்டிக்கட்டை. “மீட்டர்!” என்றால் “இதோ வர்றேம்மா” என்று பதில் வரும், ஆனால் ஆள் வரமாட்டார். உள்ளே ஒரு தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டபிறகுதான் வாசல் திறக்கும். மாடிப்படிக்குக் கீழே மீட்டர், அதை ஒட்டி எப்போதும் சாத்தியே இருக்கும் ஒரு கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன என்று அக்கா மண்டையை உடைத்துக்கொள்ளாத மாதம் இல்லை. வெயில் காலத்தில் ஒரு ஆளுக்கு ஆகாத யூனிட் ஓடியிருக்கும். அந்த அறையில் யாருக்கோ ஃபேன் ஓடுகிறது. ரகசியக் குடித்தனம் என்று கணவரிடம் அடித்துச் சொல்லியிருந்தார். ஆனால் நோட்டில் அந்த வீட்டுக்கு நேராக அவர் கையெழுத்திலேயே இருந்தது இரண்டே வார்த்தை. ‘நாய் இல்லை.’

நம்பர் வாங்கி அக்காவே போன் போட்டார். கண்டக்டர் ஊரின் மறுகோடியில் தங்கை வீட்டில் இருந்தார். உங்க வீட்ல நாய் இருக்கா என்று அக்கா கேட்டதும், வருஷக்கணக்கான பழக்கத்தில், “நாய் இல்லம்மா” என்றார். பிறகு, “இருந்துச்சு” என்றார்.

கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வந்தது. வெள்ளம் வந்த அன்று அவர் ஒரு ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகச் சோறு வைப்பதாக ஏற்பாடு. வெளியே ஓடிவிடாமல் இருக்கக் கதவைத் தாழ் போட்டுவிட்டுப் போனது கண்டக்டர் கைதான். திரும்பி வந்து பார்த்தபோது கதவு உடைந்து கிடந்தது, அறையில் தலைமட்டம்வரை சேறு. அதன்பிறகு அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை, எந்த முகாமுக்கும் போகவில்லை. தானே பூட்டிக் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா, தெருப் பெயர் எழுதாத அட்டையைப் பார்த்துச் சொன்னார், பரண் மேல் நின்றுகொண்டிருந்ததாம், படகுக்காரர்கள் கதவை உடைத்து எடுத்திருக்கிறார்கள். மடிந்த காது இடதா வலதா என்று கண்டக்டர் கேட்டார். இடது என்றதும் போனை வைத்துவிட்டார்.

லாரி சொன்னபடி நாலு மணிக்கு வந்து நின்றது. தெரியாத இரண்டு நாய்களையும் பூனைகளையும் ஏற்றினார்கள். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். ஒரு கையெழுத்து பாக்கி, இன்னொரு கையெழுத்து பாக்கி என்று மருத்துவர் ஏதேதோ சொல்லி இழுத்தடித்தார். அக்கா ரோட்டுக்கும் கிடங்குக்குமாக நடையாய் நடந்தார். தன் கணிப்பு தப்பாக இருந்தால் அந்த மனிதரை இரண்டாம் தடவை சாகடித்த பாவம் தனக்குத்தான் என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

நாலரைக்குக் கண்டக்டர் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஆபரேஷன் பண்ணின வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு வந்தார். அக்காவைப் பார்த்ததும் முதலில் மன்னிப்புதான் கேட்டார்.

“அன்னிக்கு நீங்க கால்ல கட்டோட வந்து நின்னீங்கம்மா. நாய் இருக்கான்னு கேக்குறப்ப உங்க கை நடுங்குச்சு. இல்லைன்னு சொல்லிட்டேன். சொன்னப்புறம் இருக்குன்னு எப்படிச் சொல்றது?”

ஏழு வருடம், மாதம் தவறாமல், தன் நடுக்கத்துக்காக ஒரு மனிதர் கதவைச் சாத்தியிருக்கிறார். இவரைப் பற்றித்தான் ரகசியக் குடித்தனம் என்று ஊதிவிட்டோம் என்று நினைத்தபோது அக்காவுக்கு முகம் எரிந்தது.

திரையை விலக்கினார்கள். நாய் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது. கண்டக்டர் கூண்டைத் திறந்து கூப்பிட்டார். வால் தரையைப் படபடவென்று அடித்தது, உடம்பெல்லாம் ஆடியது, ஆனால் மூக்கு சுவரை விட்டு நகரவில்லை. மருத்துவருக்கு ஒன்றும் புரியவில்லை. கண்டக்டருக்குப் புரிந்தது. குனிந்து, மாதா மாதம் தாழ்ப்பாளைத் திறக்கும்போது சொல்வதைச் சொன்னார்.

“அக்கா போயாச்சுடா. வெளிய வா.”

நாய் திரும்பி ஒரே பாய்ச்சலாக வந்தது. பாதி வழியில், கதவிடுக்கு வழியே ஏழு வருடம் மோந்த வாசனையோடு நின்ற காக்கிச் சட்டையைப் பார்த்துவிட்டது. அப்படியே நின்றது. அவரை ஒரு பார்வை, அக்காவை ஒரு பார்வை. பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கூண்டுக்கே திரும்பி நடந்தது.

அக்கா பையைக் கழற்றிக் கீழே வைத்தார். சிமெண்டுத் தரையில் நாய்க்கு எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்தார்.

“போகலடா” என்றார். “இங்கதான் இருக்கேன். நீ வா.”