மாதம்மாள் தோட்டத்துப் பூசணிப் பூ

ஸ்டூடியோவில் ஆள் அசைந்தால் அதட்டலாம். தோட்டத்தில் பூ அசைந்தால் யாரை அதட்டுவது? ஒரு பூவுக்கு முன்னால் வயிறு மண்ணில் பட என்னைப்போலப் படுத்துக் கிடந்த சக பாவிகளுக்கு இது புரியும். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

எண்பதுகளில் பாப்பிரெட்டிப்பட்டியில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தேன். அண்ணன் சவுதியிலிருந்து லீவில் வந்தபோது, பூவையும் பூச்சியையும் மிகக் கிட்டத்தில் போய் எடுக்கிற மேக்ரோ லென்ஸ் ஒன்று கொண்டுவந்தார். திரும்பிப் போகும்போது கொண்டுபோக மாதம்மாள் தோட்டத்துப் பூசணிப் பூ படம் ஒன்று வேண்டும் என்றார். சவுதிக்குப் போவதற்கு முன் மலையடிவார ஊர்களில் சைக்கிளில் துணி விற்றவர் அவர்; மாதம்மாள் அக்கா அந்த நாளைய வாடிக்கை. எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன் ஒன்று கேட்டிருக்கிறார், வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனசில்லை. பூ மட்டும் தனியாக, பின்னால் எல்லாம் மங்கலாக எடுப்பது என்று முடிவு செய்தது மட்டும் நான்.

வெளிச்சம் வரட்டும் என்று

சித்தேரி மலைக்குக் கீழே மாதம்மாள் அக்காவின் தோட்டம். பூசணிப் பூ விடியும்போது மலர்ந்து, வெயில் ஏறினால் சுருண்டுவிடும். நல்ல வெளிச்சம் வரட்டும் என்று நான் நிதானமாகப் போய்ச் சேர்ந்தால், கொடியில் வெறும் இலைதான் இருந்தது. மார்கழி மாதம் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. கோலத்து நடுவில் சாணி உருண்டைமேல் வைக்க, விடியுமுன்னே பெண்கள் பறித்துவிடுகிறார்கள். பிஞ்சோடு இருக்கும் பூவைத் தொடமாட்டார்கள். அன்றைக்கு அப்படியும் ஒன்று இல்லை. தலையில் கைவைத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். என் துக்கம் அக்காவுக்கு விளங்கவில்லை.

“இதுக்கா பாய் இப்படி உக்காந்துக்கிட்டீங்க? வாசல்ல சாணி மேல அழகா இருக்குதுங்க, எது வேணுமோ அதப் புடிச்சிக்குங்க.”

பொட்டு

ஒரு பூவைக் கொடியிலேயே விட்டுவைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். சொன்னபடி விட்டும் வைத்திருந்தார். மறுநாள் முதல் பஸ்ஸில் போய் லென்ஸ் வழியே பார்த்தால், மஞ்சள் இதழின் நட்டநடுவில் சிவப்பாக என்னவோ தெரிந்தது. யாரும் பார்க்காத பூச்சி ஒன்று நமக்குக் கிடைத்துவிட்டது என்று ஒரு நிமிஷம் புல்லரித்துப் போனேன். குங்குமம்! துடைக்கத் துடைக்க இதழெல்லாம் பரவியது. கோபப்படவும் முடியவில்லை, வட்டம் பிசகாமல் அவ்வளவு அக்கறையாக வைத்திருந்தார்.

“போட்டோவுக்கு வெறும் மூஞ்சியா நிக்கலாங்களா பாய்?”

வரிசையாக நின்றார்கள்

அடுத்த தடவை பொட்டில்லாத பூ கிடைத்தது, கூடவே காற்றும் வந்தது. அவ்வளவு கிட்டத்தில் எடுக்கும்போது பூ நூலளவு ஆடினாலும் படம் கலங்கிவிடும். அக்காவின் வீட்டுக்காரர் பாவம், காற்றுக்கு மறைப்பாகப் போர்வையை விரித்துப் பிடித்து நின்றார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தால், பூவுக்குப் பின்னால் பச்சை போய்க் கத்தரிப்பூ நிறம் வந்திருந்தது. தலையைத் தூக்கினேன். கல்யாணப் பட்டுச் சேலையில் அக்கா! பக்கத்தில், எண்ணெய் வைத்து வாரிய பிள்ளைகளோடு அக்கம்பக்கத்துப் பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

போட்டோக்காரன் தோட்டம்வரை வந்துவிட்டு வெறும் பூவை எடுத்துக்கொண்டு போவான் என்று யார் நினைப்பார்கள்? பூ சுருளப்போகிறதே என்ற பதற்றத்தில், “தள்ளுங்க, தள்ளுங்க” என்று கத்திவிட்டேன். எல்லாரும் ஒதுங்கினார்கள். காற்றும் நின்றது. படம் எடுத்துவிட்டேன். அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

“எங்க மூஞ்சிய விட அது அவ்ளோ ஒசத்திங்களா பாய்?”

அண்ணன் பார்த்தார்

கழுவ அனுப்பிய படம் சேலத்திலிருந்து வந்தது, அண்ணன் கிளம்புவதற்கு முதல் நாள். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, மகரந்தம் தூள் தூளாகத் தெரிந்தது. அண்ணன் வெகுநேரம் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு என்றார். அவர் சொன்ன தினுசு எனக்குப் பிடிக்கவில்லை. என்ன குறை என்று விடாமல் நச்சரித்தேன்.

“கொறை இல்லடா. அங்க நான்தான் ஒத்தையில கெடக்கறேன், இதையும் ஒத்தையில வெச்சிருக்கயே. பக்கத்துல நம்ம ஆளுங்க யாருமே நிக்கலியா?”

கறுப்பு வெள்ளை

மறுநாள் விடியற்காலையில் அண்ணனைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். சாயங்காலம் அவருக்குப் பயணம். கலர் கழுவி வர நேரமில்லை. என் இருட்டறையிலேயே கழுவிக் கொடுக்கிற கறுப்பு வெள்ளைதான். அண்ணனைக் கண்டதும் ஊரே கூடிவிட்டது. விற்கத் துணியே இல்லாதவரிடம் பழைய பழக்கத்தில் விளையாட்டாகப் பேரம் பேசினார்கள். அக்கா மட்டும் வீட்டுக்குள் போய்விட்டார். கோபம்தான், இனி வரமாட்டார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அதே பட்டுச் சேலையோடு வந்து, கூட்டத்தில் சேராமல் ஓரமாக நின்றார்.

“இப்ப நாங்க நிக்கலாங்களா பாய்?”

ஒரு பூவைக் கிட்டப் போய்க் கிட்டப் போய் எடுக்கப் பழகிய நான், அத்தனை பேரையும் அண்ணனோடு ஒரே படத்தில் அடக்கப் பின்னால் போய்ப் பின்னால் போய் வாய்க்காலில் விழுந்தேன். கேமரா நனையவில்லை, பூ படத்துக்குள் வரவுமில்லை, அதை யாரும் தேடவுமில்லை.