வெயிலின் நிறம் எழுதிய கொப்பி

சென்ற ஆயுத பூசையன்று எதிர்வீட்டுக்காரர் ஏணி வைத்து ஏறி, கூரையிலிருந்த சோலார் தகடுகளின் சட்டத்தில் மட்டும் மஞ்சளும் குங்குமமும் வைத்தார். விவரம் தெரிந்தவர். ஈர மஞ்சளின் வாசனை என் வாசல் வரை வந்தது. என் பழைய உதவியாள் கருப்பையாவின் முகமும் கூடவே வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலையகத்தில், ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் நான் மருந்து கலந்து கொடுப்பவன். எல்லோரும் ‘டாக்டரையா’ என்றார்கள், நானும் திருத்தியதில்லை. மின்சாரம் இல்லாத இடம். தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டியை ஓட்டுவதற்குக் கூரையில் ஒரு சூரியத் தகட்டை யாரோ புண்ணியவான்கள் பொருத்தித் தந்திருந்தார்கள். தினமும் மூன்று வேளை மீட்டர் முள்ளைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவேன். எதையும் எழுதிவைக்கும் பைத்தியம் அப்போதே உண்டு. எண்ணுக்குப் பக்கத்தில் வெயிலின் நிறத்தையும் எழுதினேன். வைக்கோல், தேன், வெள்ளை. அந்திச் சிவப்பில் வெளிச்சம் கண்ணுக்கு மங்கிய பிறகும் முள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஏனென்று தெரியாது.

ஒரு வருடம் ஆயுத பூசைக்குப் பதுளை போய் மூன்றாம் நாள் திரும்பினேன். தகடு முழுக்க மஞ்சள் காய்ந்திருந்தது. முள் அடியில் படுத்திருந்தது.

“கருப்பையா, என்ன வேல பண்ணி வச்சிருக்கீங்க?”

“செடி கவ்வாத்து வெட்டுற கத்திக்கெல்லாம் பொட்டு வச்சாச்சு. நாளெல்லாம் வெயில்ல நிக்கிற சாமான், அத மட்டும் விட்டா கோவிச்சுக்காதுங்களா?” என்றார்.

“ஒங்க பக்தியில மருந்து கெட்டுரும்.”

அவர் வாளியை எடுத்துக்கொண்டு ஏறினார். கழுவியும் முள் எழும்பவில்லை. மூடுபனி இறங்கியிருந்தது, கண்ணைக் கூச வைக்கும் வெள்ளை வெளிச்சம், நாள்கணக்காக.

“இம்புட்டு வெளிச்சம் இருக்கே, இன்னும் என்னாங்கய்யா வேணும் அதுக்கு?”

பல வருடங்கள் கழித்துப் பதுளை நூலகத்தில் ஒரு பௌதிகப் புத்தகத்தில் பதில் கிடைத்தது. அந்தத் தகட்டுக்குச் சிவப்பும், சிவப்புக்கு அப்பால் நம் கண்ணுக்குத் தெரியாத கதிரும்தான் நல்ல தீனி. மேகம் வெயிலையே குறைத்துவிடுகிறது. மிஞ்சுவதில் அந்தக் கதிரை ஈரம் குடித்துவிட, நீலம் மிகுந்த வெளிச்சமே கீழே வருகிறது. கருப்பையாவைத் திட்டியது வீண். மஞ்சளைக் கழுவ ஒரு வாளித் தண்ணீர் போதும். பனியை என்ன செய்வது?

நான் திரும்பிய ஐந்தாம் நாள் காலை, தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் லெட்சுமி கைக்குழந்தையோடு வந்தாள். குடியுரிமை ஒப்பந்தப்படி குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போகிறார்கள், அன்று மாலை ரயில், பிறகு தலைமன்னார், கப்பல். பெட்டிக்குள் வெப்பமானி எட்டு டிகிரி வரம்பைத் தாண்டிப் பதினாறில் நின்றது. அப்படிச் சூடேறிய மருந்தைப் போடக் கூடாது என்பது கட்டளை.

“மூத்தது கக்குவான் இருமல்லதான் போச்சு டாக்டரையா. இதுக்காச்சும் போட்டு விடுங்க.”

“அங்க போய்ப் போட்டுக்கலாம்மா.”

“அங்க எங்கன்னு போயி, யாரக் கேப்பேன்?”

நான் பெட்டியின் மூடியைச் சாத்தினேன். கருப்பையா மறுபடி கூரையேறி, ஏற்கெனவே சுத்தமாயிருந்த கண்ணாடியைத் தலைத்துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். ஊசிக் கட்டம் வெறுமையாயிருந்த அட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு லெட்சுமி பனிக்குள் இறங்கிப் போனாள்.

அந்த டிஸ்பென்சரி இன்று இல்லை. அவர்கள் இருந்த லயத்து வரிசை வீடுகள் இல்லை. அந்தக் கப்பலும் இல்லை. கொப்பி இருக்கிறது. அந்த நாளின் மூன்று வேளைக்கும் ‘வெள்ளை’ என்று அழகாக எழுதியிருக்கிறேன். குழந்தையின் பெயரை எழுதவில்லை.