மனுசியைத் தேடியவன்

திருப்பதி பஸ் நிலையத்தில், உச்சி வெயிலில், போனில் டார்ச் எரிவது தெரியாமல் ஒரு பெரியவர் நடந்துகொண்டிருந்தார். எனக்கு டயோஜனிஸ் நினைவு வந்தது.

நகரிப் பக்கம் எங்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. அந்தக் கிரேக்க ஞானி தெலுங்குப் பாடத்தில்தான் வந்தார். பெரிய மண்சாடிதான் அவருக்கு வீடு. என்ன வேண்டும் என்று கேட்ட ராஜாவிடம், வெயிலை மறைக்காமல் தள்ளி நிற்கச் சொன்னாராம். உண்மையான மனிதன் ஒருவனாவது அகப்படுவானா என்று பட்டப்பகலில் விளக்கோடு அலைந்தாராம். அன்று ராத்திரி இதையெல்லாம் நைனாவுக்குத் தமிழில் சொன்னேன். மனிதன் என்பதற்குத் தெலுங்கில் உள்ள 'மனிஷி' மட்டும் அப்படியே வாயில் வந்துவிட்டது.

நாளெல்லாம் விசைத்தறியில் நின்றுவிட்டு வந்த நைனா, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் வருஷக்கணக்காகியிருந்தது.

"மனுசியத் தேடிக்கினு கீறானா? பாவம், அவ எந்தத் தேசத்துக்குப் பூட்டாளோ."

"பகல்ல எதுக்கு நைனா வெளக்கு?"

கை சோற்றிலேயே நின்றது.

"தேடித் தேடி அவனுக்குக் கண்ணு இருட்டிக்கினு வந்திருக்கும்மா."

பெரியவரிடம் டார்ச் எரிவதைச் சொல்ல எழுந்தேன். அவர் அதே வெளிச்சத்தோடு கூட்டத்துக்குள் போய்விட்டிருந்தார்.