கணக்கில் சேராத வகுப்பு

முரண்டு என்ற பெயர் முதன்முதலில் காதில் விழுந்தது ஒரு சீட்டாட்டத்தின் நடுவில்தான். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ஜெயித்த சித்தப்பாவை எல்லோரும் மெச்சிக்கொண்டிருந்தபோது, பல் விழுந்த வாயால் ஒரு சின்னப் பெண் சொன்னாள்: "சித்தப்பா முட்டிக்கு அடியில ஒரு சீட்டு இருக்கு!"

"இந்த முரண்டை யாரு உள்ள விட்டது?" என்று அவர் கத்தினார். அன்றோடு சரி, பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் என்றாகிவிட்டது.

வளர்ந்து பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். பிள்ளைகள் கணக்குப் படிக்கத் தொடுதிரை டேப் உதவுமா என்று பார்க்கும் வேலை. ஆளுக்கொரு டேப் என்பது பேராசிரியரின் திட்டம். முரண்டுவின் டாக்டர் பட்டமும் அவர் கையெழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு பள்ளிக்கு மட்டும் டேப் பெட்டி குறைவாகப் போய்விட்டது. டீச்சர் என்ன செய்வார்? இரண்டிரண்டு பேராக உட்காரவைத்தார். முரண்டு கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். ஒரே சண்டை. "கையை எடுடி, அரையை விடக் கால் எப்படிப் பெருசாகும்?" "நாலு பெருசுதானே?" "ரொட்டியை நாலா பிச்சா உனக்குப் பெருசா கிடைக்குமா, மக்கு?" பக்கத்தில் இருப்பவளை ஒப்பவைக்காமல் விரலைத் திரையில் வைக்க முடியாது. மற்ற பள்ளிகளில் சத்தமே இல்லை. நட்சத்திரம் வரும்வரை நாலு விடையையும் வரிசையாக அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பரீட்சை வைத்தால் சண்டைக்கார வகுப்புதான் முதலில் நின்றது.

பேராசிரியர் முகம் சுருங்கிவிட்டது. "அந்த வகுப்பு விதிப்படி நடக்கலம்மா. கணக்குலேருந்து எடுத்துடு."

"விதிப்படி நடக்கலைன்னு எழுதுங்க சார். நடக்கவே இல்லைன்னு எப்படி எழுதறது?"

"உன் பட்டம் வேணுமா, அந்த வகுப்பு வேணுமா? நாளைக்குள்ள யோசி."

வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்காதேடி. முதல்ல பட்டத்தை வாங்கு, அப்புறம் உன் முரண்டையெல்லாம் வச்சுக்கோ."

"நான் நாலு காலுன்னுதாம்மா சொல்றேன். மூணுன்னு எழுதச் சொல்றது அவரு. இப்ப எழுதிட்டா அப்புறம் எனக்கு முரண்டு பண்ணவே வராது."

மறுநாள் டேப் கொடுத்த கம்பெனிக்காரர்கள் முன்னால் முடிவுகளைக் காட்ட வேண்டும். திரையில் எல்லா வகுப்புகளும் வந்தன. சண்டைக்கார வகுப்பும் வந்தது; பெட்டி குறைந்துபோனது, இரண்டிரண்டு பேராக உட்காரவைத்தது, எல்லாமே எழுதியிருந்தது.

பேராசிரியர் எழுந்தே விட்டார். "யாரைக் கேட்டு இதைப் போட்டே?"

"பார்த்ததைப் போட யாரைக் கேக்கணும் சார்?"

"இனிமே என்கிட்ட உனக்கு இடமில்லை."

"சரி சார். அந்த வகுப்பை வெளிய அனுப்பினா நானும் அது கூடவே போறேன்."

பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். தலை குனியவில்லை. செய்தி கேட்டு சித்தப்பா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். "பெத்த அப்பனோட கூடப்பிறந்தவன் என்னையே விடலை, அந்த ஆளை விட்டுடுவாளா?"

இப்போது அவள் அதே பல்கலைக்கழகத்தில், வேறொரு துறையில், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து அறையில் இருக்கிறாள். ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு டேப்.