துடைத்தது: ஜெசிந்தா

துறையின் வாட்ஸ்அப் குழுவில், மதிப்பெண்களைப் பதிவேற்றச் சொல்லும் சுற்றறிக்கைக்கும் யாரோ அனுப்பிய ரோஜாப்பூ காலை வணக்கத்துக்கும் நடுவில் அந்தச் செய்தி இருந்தது. ஆய்வக உதவியாளர் ஜெசிந்தா காலமானார். கும்மிடிப்பூண்டி ரயில் அப்போது திருவொற்றியூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. கத்திவாக்கத்தில் இறங்க வேண்டியவன் எண்ணூர் வரை போய்விட்டேன். எதிர் ரயிலில் திரும்பி வருவதற்குள் குழுவில் கைகூப்பும் படங்கள் வரிசையாகச் சேர்ந்திருந்தன. அவற்றை அனுப்பியவர்களில் எத்தனை பேர் அவரோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்திருப்பார்கள் என்று கோபமாக யோசித்தேன். நானும் ஏழு வருடங்களாகக் குடிக்கவில்லை.

அவரோடு வேலை செய்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்காகச் சில வரிகள். ஜெசிந்தா ராயபுரத்துக்காரர். அப்பா விசைப்படகு இன்ஜின் பழுது பார்த்தவர். இவர் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து எங்கள் பொறியியல் கல்லூரிக்கு வந்தார். காற்றுச்சுரங்கத்தைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் அவர்தான். காற்றுச்சுரங்கம் என்பது ஒரு முனையில் விசிறி வைத்த நீண்ட பெட்டி. நடுவில் கண்ணாடிச் சன்னல், அதற்குள் ஒரு கை நீளத்தில் விமான இறக்கையின் மாதிரி. மெதுவான காற்றில் இறக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினால், ஏதோ ஒரு கோணத்தில் காற்று அதன் முதுகை விட்டுப் பிரிந்துவிடும். பிரிந்தால் தூக்கும் விசை போய்விடும். எந்தக் கோணத்தில் பிரிகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி.

காற்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் இறக்கையின் முதுகில் விரல்கடை நீள நூல்களை வரிசையாக ஒட்டுவோம். ஜெசிந்தா ஒட்டினால் நூறு நூலும் ஒரே நீளம், ஒரே இடைவெளி. நூலை அவர் வால் என்பார். முதலாண்டு மாணவர்களுக்கு அவர் விளக்கியதை நான் கதவருகே நின்று கேட்டிருக்கிறேன். “வாலு படுத்துகினு கீதா, காத்து றெக்கையோட கீதுன்னு அர்த்தம். எழுந்து ஆடுதா, கோச்சிகினு பூட்ச்சு. அவ்ளோதாம்பா.” ஒரு பையன் இதை அப்படியே தேர்வில் எழுதினான். பேராசிரியர் ஒருவர் அந்த விடைத்தாளைத் துறை முழுக்கக் காட்டிச் சிரித்தார். ஜெசிந்தாவின் பேச்சைக் கேலி செய்வது அங்கே ஒரு தகுதியாகவே இருந்தது. நானும் சிரித்தேன்.

இந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், காலையில் துடைத்த ஸ்கூட்டர் சீட்டில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம். அனல்மின் நிலையச் சாம்பல், கடல் உப்பு, கரித்தூள். ஆய்வகத்துக்குள்ளும் அது வரும். ஜெசிந்தா தினமும் காலையில் ஈரத்துணியால் இறக்கையைத் துடைப்பார். சோதனைப் பதிவேட்டில் தேதி, வேகம், கோணம் என்ற கட்டங்களோடு அவரே கோடு போட்டு ‘துடைத்தது’ என்று ஒரு கட்டம் சேர்த்திருந்தார். துடைத்தவர் அதில் பெயர் எழுத வேண்டும். ஒருமுறை இளம் ஆசிரியர் ஒருவர் அங்கே மேற்படிக் குறி போட்டுவிட்டார். “இன்னா சார், நேத்து குளிச்சத இன்னிக்குக் கணக்குல காட்டுவியா?” என்று கேட்டு அவரையே துடைக்க வைத்தார்.

என் இறக்கையை மட்டும் அவர் துடைக்கவில்லை. அது நான் செய்த ஏற்பாடு. மூக்குப் பகுதியின் வளைவைச் சற்று மாற்றி நானே வடிவமைத்த இறக்கை அது. துடைக்கும்போது கோணம் நகர்ந்துவிடும் என்று பயந்து, ‘யாரும் தொடக் கூடாது’ என்று எழுதிச் சன்னலில் ஒட்டினேன். ஜெசிந்தா அதைப் படித்துவிட்டு, “கொயந்தைக்கு அம்மை போட்ட வூடு மாதிரி கீது சார்” என்றார். அவ்வளவுதான். மூன்று வாரத்தில் அற்புதமான முடிவுகள் வந்தன. வழக்கமான இறக்கையில் பதினொரு டிகிரியில் எழுந்து ஆடும் நூல்கள், என் இறக்கையில் பதினைந்து வரை படுத்தே கிடந்தன. என் வளைவின் வெற்றி என்று கட்டுரை எழுதி அனுப்பினேன். அது அச்சிலும் வந்தது. இணைப் பேராசிரியர் பதவிக்கான தேர்வுக் குழு நேரில் வந்து பார்ப்பதாகவும் முடிவானது.

குழு வந்தது. விசிறி ஓடியது. பதினொரு டிகிரி வந்ததும் நூல்கள் அத்தனையும் எழுந்து, சில முன்பக்கமாகவே திரும்பிச் சுழன்றன. நான் கோணத்தைக் குறைத்து மறுபடி ஏற்றினேன். மறுபடியும் அதே. குழுத் தலைவர், “மாடலில் ஏதாவது மாற்றம் செய்தீர்களா?” என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஜெசிந்தாவின் குரல் வந்தது. “அயுக்கா இருந்துச்சு சார். காலைல தொட்ச்சேன்.” எல்லோரும் சிரித்தார்கள். பதவி வேறொருவருக்குப் போனது.

விஷயம் பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். மெதுவான காற்றில் வழுவழுப்பான இறக்கையைவிடச் சற்றுச் சொரசொரப்பான இறக்கையைக் காற்று அதிக நேரம் பிடித்துக்கொள்ளும். மூக்கில் படிந்த தூள் காற்றைக் கலக்கிவிடுகிறது, கலங்கிய காற்று எளிதில் பிரிவதில்லை. இதை நானே வகுப்பில் நடத்தியிருக்கிறேன். பதினைந்து டிகிரி என் வளைவால் வந்ததல்ல, எண்ணூரின் சாம்பலால் வந்தது. ஆனால் அன்று எனக்கு அது தோன்றவில்லை. ஆய்வகத்துக்குள் போய்க் கத்தினேன். நோட்டீஸ் ஒட்டியிருந்தேனே, கண் தெரியவில்லையா என்று கேட்டேன். அவர் பதிவேட்டைத் திறந்து அந்தக் கட்டத்தைக் காட்டினார். “வெளியாளுங்க கையெய்த்துப் போடுற நோட்டு சார் இது. தொடைக்காம தொட்ச்சேன்னு எய்தச் சொல்றியா?”

அதன் பிறகு வேலைக்குத் தேவையான சொற்களைத் தவிர அவரிடம் பேசவில்லை. அவர் அப்படி இல்லை. என் மாதிரிகளுக்கு நூல் ஒட்டித்தான் வைத்தார். ஒவ்வொரு டிசம்பரிலும் என் மேஜையில் ஒரு பொட்டலம் கேக் இருக்கும். நான் அதை அப்படியே அலுவலக உதவியாளரிடம் கொடுத்துவிடுவேன். ஒரு வருடம் அவர் அதைப் பார்த்துவிட்டார். “எம்மேல கோவம் சரி சார். கேக்கு இன்னா பண்ச்சு?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். இப்போது நினைத்தால், என் வாழ்க்கையில் வீணாகப் போன உழைப்புகளில் அதுவும் ஒன்று.

கடைசி இரண்டு வருடங்கள் அவருக்கு இருமல். நுரையீரல் என்றார்கள். முகத்தில் துணி கட்டிக்கொண்டு இறக்கைகளைத் துடைத்தார். ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன.

கல்லூரி நடத்திய இரங்கல் கூட்டத்தில் பேனரில் அவர் பெயரை ‘ஜெசிதா’ என்று அச்சடித்திருந்தார்கள். இரண்டு நிமிட மௌனம் என்று அறிவித்து, ஒரு நிமிடத்தில் முடித்தார்கள். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்காமல் ஆய்வகத்துக்குப் போனேன். பழைய பதிவேடுகள் அலமாரியில் வருடவாரியாக அடுக்கியிருந்தன. குழு வந்த வருடத்தை எடுத்தேன். எதைத் தேடினேன் என்று சொல்லத் தெரியவில்லை. ஒருவேளை என் கோபத்துக்கு இன்னும் கொஞ்சம் நியாயம்.

குழு வருவதற்கு மூன்று நாள் முன்பு, அவர் கையெழுத்தில் இரண்டு வரிகள். என் இறக்கைதான். துடைக்காமல், பதினைந்து டிகிரி. துடைத்தது ஜெசிந்தா, பதினொரு டிகிரி. பக்கத்தில் சின்ன எழுத்தில், ‘சாரிடம் சொல்லப் போனேன். அப்புறம் வரச் சொன்னார்.’ மறுநாள் தேதியில் மறுபடியும், ‘அப்புறம் என்றார்.’

அப்போதுதான் நினைவு வந்தது. குழுவுக்குக் காட்டும் படங்களைக் கணினியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கதவில் தட்டும் சத்தம். “சார், ஒரு நிமிசம், உன் றெக்க விசயமா” என்றார். நான் திரும்பிப் பார்க்காமலே கையை அசைத்தேன். இரண்டு நாளும் அசைத்தேன். ஏழு வருடம் இந்த இரண்டு தடவைகளை அவர் ஒருபோதும் என்னிடம் சொல்லிக் காட்டவில்லை. நான் கத்திய அன்றுகூட.

பதவியை இழந்ததை எல்லோரிடமும் சொல்லிப் புலம்பிய நான், ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கட்டுரை இன்னும் என் பெயரில் அப்படியே இருக்கிறது. காரணம் சாம்பல் என்று தெரிந்த பிறகும் அதை நான் திருத்தவில்லை. போன வாரம் இதழுக்குத் திருத்தக் குறிப்பு அனுப்பினேன். இரண்டு வரிகளையும் அப்படியே கொடுத்து, சோதனை செய்தவர் ஜெசிந்தா என்று எழுதினேன். பெயரை மூன்று முறை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கட்டத்தைத்தான். திங்கட்கிழமை காலை ஆய்வகத்தைத் திறந்தபோது பத்து நாள் தூசி படிந்திருந்தது. முதலில் துடைக்காமல் ஓட்டி எழுதினேன். பிறகு அவருடைய துணியை நனைத்து இறக்கையைத் துடைத்தேன். துணி கறுப்பானது. மறுபடி ஓட்டி எழுதினேன். இத்தனை வருடப் பதிவேடுகளில் ‘துடைத்தது’ என்ற கட்டத்தில் என் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. அன்று எழுதினேன்.