ஒரே வீட்டில் மூன்று குறட்டை

கல்யாணமாகி செவிலிமேட்டு வீட்டுக்கு வந்த புதிதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது என் கணவரின் குறட்டைதான். அடுத்த அறையிலிருந்து மாமனாரின் குறட்டையும் வரும். மாமியார் முன்பே காலமாகிவிட்டதால், இதையெல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்கவும் ஆளில்லை. போகப்போகப் பழகிவிட்டது. அதனால்தான் என் மகளும் மூன்று வயதில் குறட்டை விட ஆரம்பித்தபோது வீட்டில் யாரும் பயப்படவில்லை. மாமனாருக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

"மூக்கும் என்னுது, குறட்டையும் என்னுது" என்று பேத்தியைக் காட்டி, தறிக்குப் பாவு நூல் கொண்டு வருகிறவரிடமெல்லாம் சொல்வார்.

மாமனார் முன்னறையில் தறி நெய்பவர். கணவருக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் மூன்று பேரும் கூடத்தில் வரிசையாகப் படுத்துத் தூங்குவார்கள். துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். மகளின் சத்தம் திடீரென்று நின்றுபோகும். கொஞ்ச நேரம் ஒன்றுமே வராது. பிறகு உடம்பு தூக்கிப்போட, மூச்சை இழுப்பாள். கணவரிடம் சொன்னால், "நானும் சின்ன வயசுல இப்படித்தான்" என்று சிரிப்பார்.

மகளின் யூகேஜி மிஸ்தான் ஒருநாள் என்னை நிறுத்திக் கேட்டார். "பாப்பா பாட்டு பாடும்போதே தூங்கிடுதுமா. எந்நேரமும் வாயைத் தொறந்துக்கினே இருக்குது. வீட்ல சரியா தூங்குதா?"

அந்த வாரமே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். தாத்தா வந்தால்தான் வருவேன் என்று மகள் பிடிவாதம் பிடித்ததால் மாமனாரும் வந்தார். டாக்டரம்மா எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "வீட்ல வேற யாரு குறட்டை விடுவாங்க?" என்று கேட்டார்.

"அப்பா. அப்புறம் தாத்தா" என்றாள் மகள்.

"பெத்தவங்களுக்கு இருந்தா குழந்தைக்கும் வரலாம். அதுக்காக அப்படியே விட்டுடக்கூடாது. மூக்குக்குப் பின்னாடி சதை வளந்திருக்குது." பிறகு பொதுவாகக் கேட்டார். "வீட்ல யாராவது சிகரெட், பீடி பிடிப்பீங்களா?"

மாமனார் கொஞ்சம் முன்னால் வந்தார். "நான்தாம்மா. ஆனா வெளியதான். உள்ள பிடிக்கமாட்டேன்."

"சட்டையில, துண்டுல ஒட்டிக்கினு உள்ள வந்துடும்ங்கய்யா. அது மட்டுமே காரணம்னு சொல்லல. இருக்கிற தொந்தரவை அது கூட்டிடும்."

முதலில் மூக்கில் அடிக்கும் மருந்து கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தன் பாயைத் தறிக்குப் பக்கத்தில் விரித்தார். மகள் தலையணையோடு போய் நின்றாள்.

"இன்னா தாத்தா, இங்க படுத்துக்கினு இருக்க?"

"இங்கதான் காத்து வருது பாப்பா."

அங்கே ஃபேனே கிடையாது. அவள் அவர் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். அவர் எழுந்து சமையலறைக்கு வந்தார்.

"பாப்பாவை உள்ள கூப்ட்டுக்கோமா. எம்மேல வாசம் வருது."

அவர் கண் கலங்கியிருந்தது. அதுவரை நான் அவரிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. "நீங்க தள்ளிப் படுக்க வேணாம் மாமா. பீடியைத் தள்ளி வைங்க" என்றேன்.

"பாக்கறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சட்டென்று விட முடியவில்லை அவரால். கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு நெய்தார். சிடுசிடுவென்று இருந்தார். மனசு கேட்காமல் பிடித்துவிட்ட நாளில், மத்தியானம் மறுபடி குளித்து, சட்டை மாற்றி, அப்படியும் தறிப் பக்கமே படுப்பார். நாங்கள் ஒன்றும் கேட்கமாட்டோம். அந்த மத்தியானக் குளியல்கள் குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றேபோயின. பாய் கூடத்துக்குத் திரும்பியது.

மருந்து மட்டும் மகளுக்குப் போதவில்லை. முழுப்பரீட்சை லீவில் ஆபரேஷன் செய்து அந்தச் சதையை எடுத்தார்கள். புண் ஆறிய பிறகு ஒரு மத்தியானம் வாயை மூடிக்கொண்டு, சத்தமே இல்லாமல் தூங்கினாள். எங்களுக்கு அந்த அமைதிதான் பயமாக இருந்தது. மாமனார் அவள் வயிற்றின்மேல் மெதுவாகக் கை வைத்துப் பார்த்தார்.

"மூச்சு வருதுமா. நல்லா வருது" என்றார் என்னிடம், அவள் எழுந்துவிடக் கூடாதென்று உதட்டை மட்டும் அசைத்து. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அடுப்பில் பால் இருப்பதே மறந்துவிட்டது.

இப்போது அவள் இரண்டாம் வகுப்பு. வகுப்பில் தூங்குவதில்லை, பேச்சுதான் அதிகம் என்று புகார் வருகிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தவள், என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பாக்கு நடுவுல மூச்சு நிக்குது."

தன் குறட்டையைப் பற்றி எத்தனையோ வருஷமாக நான் சொன்னபோதெல்லாம் சிரித்துத் தட்டிக்கழித்தவர், அவள் சொன்னதும் சிரிக்கவில்லை. மறுநாளே லீவு சொன்னார். டாக்டர் அறைக்குள் அவர் தயங்கித்தான் போனார். அவருடைய சுண்டுவிரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் போனவள் மகள்.